வீட்டு ரவுட்டரும் தட்டப்படாத கதவும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இரவு படுக்கப்போகும் முன் நாம் முன்கதவைப் பூட்டுகிறோம். பின்கதவுக்குக் கொக்கி போடுகிறோம். கேற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம். ஆனால் எங்கள் வீடுகளில் இப்போது இன்னொரு கதவும் இருக்கிறது. டீவிக்குப் பக்கத்திலோ அலுமாரிக்கு மேலேயோ விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, ரவுட்டர். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஸூம் வகுப்புக்காக நம்மில் பலர் அதை வீட்டுக்குள் எடுத்தோம். மாதாந்த பில் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அந்தக் கதவால் யார் யார் வரலாம் என்பதை நாம் யோசிப்பதில்லை.

இந்தப் பெட்டியின் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடக் கதையைப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகும். உலகில் பல நாடுகளில் இந்தக் கதவால் கள்வர்கள் வந்தார்கள். ஒற்றர்கள் வந்தார்கள். அவர்களைத் துரத்துவதற்கென்று அரசாங்கங்களும் வந்தன. யார் வந்ததும் பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. நல்ல நோக்கத்தோடு வந்தாலும், வீட்டுக்காரரிடம் கேட்காமல் அரசாங்கம் உள்ளே வரலாமா? இன்று நாம் பேசப்போவது இதைத்தான்.

மூன்று சாவிகள்

ரவுட்டர் என்பது உண்மையில் ஒரு சின்னக் கணினி. வெளி இணையத்தையும் வீட்டிலுள்ள ஃபோன், லெப்டொப், கமெரா எல்லாவற்றையும் இணைப்பது அதுதான். வீட்டில் யார் எந்தத் தளத்துக்குப் போனாலும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள் தகவல்களை மறைகுறியாக்கி அனுப்புவதால், ரவுட்டரைக் கைப்பற்றியவருக்கும் உள்ளடக்கம் முழுவதையும் வாசிக்க முடியாது. ஆனால் எந்த வீட்டிலிருந்து, எப்போது, எங்கே போனார்கள் என்பதை அவர் காணலாம். வழியை மாற்றிப் போலித் தளத்துக்கு அனுப்பவும் முயலலாம். அதைவிட, எங்கள் ரவுட்டரை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வேறொருவரைத் தாக்கலாம். அப்போது தாக்கியது யார் என்று தேடிப் போகிறவர்கள் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

இந்தக் கதவுக்கு மூன்று சாவிகள் உண்டு. முதலாவது வைஃபை பாஸ்வேர்ட். வீட்டுக்கு வரும் விருந்தாளி முதலில் கேட்பது இதைத்தான். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகப் பாஸ்வேர்ட். பல பெட்டிகளில் பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே தொழிற்சாலையிலிருந்து வந்தன. இதை மாற்றவேண்டும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. மூன்றாவது சாவி இணைய சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு டி.எஸ்.எல். மன்றம் என்ற தொழிற்துறை அமைப்பு டி.ஆர்.069 என்று ஒரு முறையை வெளியிட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், தூரத்திலிருந்தே நிறுவனம் ரவுட்டரைச் சரிசெய்யவும் அதன் மென்பொருளைப் புதுப்பிக்கவும் இது உதவுகிறது. நல்ல வசதிதான். ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு சாவி இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் எண்ணிப் பார்க்க வந்தார்

2012இல் பெயர் வெளியிடாத ஒருவர், இணையத்தில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க நினைத்தார். தனியொரு கணினியால் அது முடியாத வேலை. ஆகவே 'அட்மின்-அட்மின்', 'ரூட்-ரூட்' போன்ற தொழிற்சாலைப் பாஸ்வேர்ட்களையும், பாஸ்வேர்டே இல்லாத வெற்று நிலையையும் முயற்சித்துப் பார்த்தார். ஏறத்தாழ 420,000 கருவிகள் திறந்துகொண்டன. அவற்றில் ரவுட்டர்கள் ஏராளம். அவற்றையே கூலியாட்களாக்கி முழு இணையத்தையும் கணக்கெடுத்து, 2013 மார்ச்சில் முடிவை வெளியிட்டார். யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்பது அவருடைய வாதம். ஆனால் இலட்சக்கணக்கான வீடுகளின் கதவு பூட்டப்படவில்லை என்ற செய்தி அன்றே உலகுக்குத் தெரிந்துவிட்டது. உற்பத்தியாளர்கள் பெரிதாக அசையவில்லை.

கள்வர்கள்

2016இல் விலை கொடுக்கவேண்டி வந்தது. அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் 'மிராய்' என்ற தீநிரலை எழுதினார்கள். ஜப்பானிய மொழியில் அதற்கு 'எதிர்காலம்' என்று பொருள். அதற்குள் இருந்த ஆயுதம் மிக எளிமையானது. சுமார் 60 தொழிற்சாலைப் பயனர் பெயர்களும் பாஸ்வேர்ட்களும் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 6 இலட்சம் கமெராக்களும் ரவுட்டர்களும் பிற கருவிகளும் அதன் கையில் இருந்தன. தொடக்கத்தில் இதற்குப் பின்னால் இருந்தது 'மைன்கிராஃப்ட்' விளையாட்டு சேர்வர்களுக்கிடையிலான வியாபாரப் போட்டி. எங்கள் பிள்ளைகள் ஃபோனில் விளையாடுகிறார்களே, அதே விளையாட்டுத்தான்.

பிறகு மிராயின் மூலநிரல் பகிரங்கமாக இணையத்தில் போடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகியது. 2016 ஒக்டோபர் 21ஆம் திகதி, அந்த நிரலைக் கொண்டு 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கும் வேலையைச் செய்த நிறுவனம் அது. அன்று டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் ரெடிட்டும் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. மிராயை எழுதிய மூவரும் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018இல் அவர்களுக்குச் சிறை அல்ல, 5 வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணித்தியால சமூக சேவையும் விதிக்கப்பட்டன. எஃப்.பி.ஐ.யின் விசாரணைகளுக்கு அவர்கள் உதவியதும் கணக்கில் எடுக்கப்பட்டது.

டைன் தாக்கப்பட்டு ஐந்து வாரங்களுக்குப் பிறகு, 2016 நவம்பர் 27ஆம் திகதி, ஜேர்மனியில் டொயிச்சே டெலிகொம் நிறுவனத்தின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடைப்பட்டது. இந்த முறை மிராயின் புதிய வடிவம் தேடி வந்தது இரண்டாவது சாவியை அல்ல. சேவை நிறுவனங்கள் தூரத்திலிருந்து ரவுட்டரை நிர்வகிப்பதற்கென்று திறந்து வைத்திருந்த வாசலைத்தான், அதாவது மூன்றாவது சாவியின் பூட்டை. உண்மையில் அந்த ஜேர்மன் ரவுட்டர்கள் தீநிரலுக்கு அடிமையாகவில்லை. தட்டிய தட்டலைத் தாங்கமுடியாமல் நின்றுபோயின. அடுத்த வருடம் கொலோன் நகர நீதிமன்றத்தில் பிரித்தானியர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய இலக்கு ஜேர்மனியே அல்ல. ஆபிரிக்காவில் லைபீரியா நாட்டின் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தைத் தாக்குவதற்குப் படை திரட்டிக்கொண்டிருந்தார். லைபீரியாவில் நடக்கும் வியாபாரச் சண்டைக்காக ஜேர்மனியில் ஒரு குடும்பத்தின் தொலைபேசி செத்துப்போகிறது. ரவுட்டர் உலகில் தூரம் என்று ஒன்று இல்லை.

ஒற்றர்கள்

இதுவரை வந்தவர்கள் தனி ஆட்கள். அரசாங்கங்களின் உளவு அமைப்புகள் அவர்களுக்கு முன்பே இந்தக் கதவைக் கண்டுவிட்டன.

2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் ஒன்று அடுத்த வருடம் பிரசுரமானது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்படும் வலையமைப்புக் கருவிகளை அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. வழியில் மறித்து, பெட்டியைப் பிரித்து, உள்ளே ஒட்டுக்கேட்கும் வழியைப் பொருத்தி, மீண்டும் ஒட்டி அனுப்பியதை அது காட்டியது. சிஸ்கோ நிறுவனத்தின் பெட்டியைப் பிரிக்கும் படமும் அதில் இருந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் ஜோன் சேம்பர்ஸ் ஜனாதிபதி ஒபாமாவுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார்.

அவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் கருவிகள். வீட்டு ரவுட்டரின் முறை 2017 ஜூனில் வந்தது. சி.ஐ.ஏ.யின் 'செரி புளொசம்' என்ற திட்டத்தின் ஆவணங்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் இருக்கும் வைஃபை ரவுட்டர்களின் மென்பொருளை மாற்றி, அதன் வழியாகப் போகிறவர்களைக் கண்காணிப்பதும், தேவையானபோது அவர்களை வேறு தளத்துக்குத் திருப்புவதும் அந்தத் திட்டம். நாம் கடையில் காணும் பிரபல பெயர்கள் பல அந்தப் பட்டியலில் இருந்தன.

இதில் ஒரு நாட்டை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 2018 மே 23ஆம் திகதி சிஸ்கோவின் ஆய்வுப் பிரிவு 'வி.பி.என். ஃபில்டர்' என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் வரையான ரவுட்டர்களும் சேமிப்புக் கருவிகளும் அதனால் பாதிக்கப்பட்டிருந்தன. உக்ரைனில் அது வேகமாகப் பரவியது. கட்டளை வந்தால் கருவியையே செங்கல்லாக்கிவிடும் ஆற்றலும் அதற்கு இருந்தது. ரஷ்ய இராணுவ உளவுப் பிரிவோடு தொடர்புள்ள குழுவின் வேலை இது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் சொன்னது. எஃப்.பி.ஐ. நீதிமன்ற உத்தரவு பெற்று, அந்தத் தீநிரல் கட்டளை கேட்கப் போகும் இணைய முகவரியைக் கைப்பற்றியது. பிறகு பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: உங்கள் ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். நிறுத்திப் போட்டால் தீநிரலின் ஆபத்தான பகுதி அழிந்துவிடும். மிஞ்சிய பகுதி கட்டளை கேட்கப் போகும்போது எஃப்.பி.ஐ.யின் கையில் வந்து விழும்.

இந்த விசாரணையில் ஒரு சின்ன விடயம் நம் கவனத்துக்குரியது. பிட்ஸ்பேர்க் நகரில் ஒரு பெண்ணின் வீட்டு ரவுட்டரிலும் அந்தத் தீநிரல் இருந்தது. விசாரணையாளர்கள் அவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் தம் ரவுட்டரைத் தாமாகவே கொடுத்தார். தம் வீட்டு இணையப் போக்குவரத்தை அவதானிக்கும் கருவியைப் பொருத்தவும் சம்மதித்தார். கேட்டார்கள், கொடுத்தார். இந்தக் கதை முழுவதிலும் வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் கேட்டதாக நாம் காணும் இடம் இது ஒன்றுதான்.

அழையாத காவல்காரர்

இடையில் ஒரு விசித்திரமும் நடந்தது. 2014இல் ஓர் ஆய்வாளர் தம் வீட்டு ரவுட்டரில் அதுவரை யாரும் அறியாத ஒரு நிரலைக் கண்டார். பின்னர் அதற்கு 'வைஃபாட்ச்' என்று பெயர் வந்தது. அது பூட்டாத ரவுட்டர்களுக்குள் நுழையும். உள்ளே இருக்கும் வேறு தீநிரல்களை அழிக்கும். வந்த வாசலை மூடிவிடும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்று ஒரு குறிப்பும் விட்டுப் போகும். சைமன்டெக் நிறுவனம் 2015 ஒக்டோபரில் இதைப் பற்றி எழுதியபோது ஆயிரக்கணக்கான கருவிகளில் அது குடியிருந்தது.

நாம் இல்லாத நேரம் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து, பாம்பை அடித்துவிட்டு, கதவையும் சாத்திவிட்டுப் போனால் நன்றி சொல்வதா, பயப்படுவதா? இந்தக் கேள்வி தனி ஆளோடு நிற்கவில்லை. அடுத்த சில வருடங்களில் அரசாங்கங்களே அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் இடத்துக்கு வந்தன.

ஜப்பான்: சட்டம் போட்டு எல்லாக் கதவையும் தட்டிய நாடு

2020 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஜப்பானுக்கு மிராயின் பயம் இருந்தது. 2018இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தைத் திருத்தியது. தேசிய தகவல் தொடர்பாடல் தொழினுட்ப நிறுவனம், அதாவது என்.ஐ.சி.டி., நாட்டிலுள்ள கருவிகளில் எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட்களைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ஆள் செய்தால் குற்றமாகும் ஒரு செயலுக்கு, ஒரு நிறுவனத்துக்கு மட்டும், 5 வருடங்களுக்கென்று விலக்குக் கொடுக்கப்பட்டது.

2019 பெப்ரவரி 20ஆம் திகதி வேலை தொடங்கியது. இலக்கு சுமார் 20 கோடி இணைய முகவரிகள். ஏறத்தாழ 100 பாஸ்வேர்ட் சோடிகள். கதவு திறந்துகொண்டால் உள்ளே எதையும் பார்க்கக்கூடாது. அந்த முகவரியைச் சேவை நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும், நிறுவனம் வீட்டுக்காரருக்குச் சொல்லவேண்டும். தொடர்பாடலின் இரகசியத்தைப் பாதுகாப்பதாக ஜப்பானின் அரசியலமைப்பே சொல்கிறதே, இது எப்படிப் பொருந்தும் என்று அங்கேயே கேள்வி எழுந்தது. முதற்கட்ட முடிவு அந்த வருடம் ஜூனில் வெளிவந்தது. சுமார் 9 கோடி முகவரிகள் பரிசோதிக்கப்பட்டு, உள்ளே நுழைய முடிந்ததாகக் கண்டறியப்பட்டவை 147. பலர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஆயினும் திட்டம் நிற்கவில்லை. 5 வருடங்கள் முடியும் தறுவாயில் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு நீடிக்கப்பட்டது. தற்காலிகம் என்று சொல்லி வருவது இலகுவில் விடைபெறுவதில்லை. இது ஜப்பானுக்கு மட்டும் உரிய குணமல்ல.

அமெரிக்கா: நீதிபதியின் கையொப்பத்தோடு

அமெரிக்காவில் வழி வேறு. முன்பு ஒரு நீதவான் தம் மாவட்டத்துக்குள் மட்டுமே தேடுதல் ஆணை கொடுக்க முடிந்தது. 2016 டிசம்பர் 1ஆம் திகதி குற்றவியல் நடைமுறையின் 41ஆம் விதி திருத்தப்பட்டது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாவட்டங்களில் கணினிகள் தீநிரலால் பாதிக்கப்பட்டிருந்தால், ஒரே நீதவான் ஒரே ஆணையால் அவை அனைத்திலும் தூரத்திலிருந்து நுழைந்து தேட அனுமதிக்கலாம். உரிமையாளர்களுக்கு அறிவிக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

2024இன் தொடக்கத்தில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஜனவரி 31ஆம் திகதி நீதித் திணைக்களம் சொன்னது: சீன அரசோடு தொடர்புள்ள 'வோல்ட் டைஃபூன்' என்ற குழு, அமெரிக்காவின் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்குவதற்கு வழி தேடும்போது, நூற்றுக்கணக்கான வீட்டு, சிறு அலுவலக ரவுட்டர்களை முகமூடியாகப் பயன்படுத்தியது. பெரும்பாலும் சிஸ்கோ, நெட்கியர் நிறுவனங்களின் பழைய ரவுட்டர்கள். உற்பத்தியாளர்களே பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட மாதிரிகள். டெக்சாஸ் நீதிமன்றத்தின் உத்தரவோடு எஃப்.பி.ஐ. அந்த ரவுட்டர்களுக்குள் போய்த் தீநிரலை அழித்தது. சீனா குற்றச்சாட்டை மறுத்தது.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு, பெப்ரவரி 15ஆம் திகதி, இரண்டாவது அறிவிப்பு. நாம் சொல்ல வந்த விடயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. யுபிகுவிட்டி நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் உரிமையாளர்கள் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றவில்லை. முதலில் சாதாரணக் கள்வர்கள் வந்து 'மூபொட்' என்ற தீநிரலைப் போட்டார்கள். பிறகு ரஷ்ய இராணுவ உளவுப் பிரிவு வந்து, கள்வர்கள் போட்ட அதே தீநிரலைத் தன் ஒற்றுவேலைக்கு எடுத்துக்கொண்டது. கடைசியாக எஃப்.பி.ஐ. வந்தது. அதுவும் அதே மூபொட்டைப் பயன்படுத்தித்தான் திருடப்பட்ட தகவல்களையும் தீய கோப்புகளையும் பிரதியெடுத்து அழித்தது. தூரத்திலிருந்து உள்ளே வரும் வழியையும் மூடியது.

கள்வன், ஒற்றன், பொலிஸ். மூவரும் ஒரே கதவால். பூட்டுக்கு ஆளைத் தெரியாது. 'அட்மின்' என்று எழுதியது யாருடைய விரலானாலும் அது திறக்கும்.

இன்னுமொன்றையும் அந்த அறிவிப்பு சொன்னது. வீட்டுக்காரர் ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் எஃப்.பி.ஐ. போட்ட தாழ்ப்பாளும் போய்விடும். பாஸ்வேர்டையும் மாற்றாவிட்டால் பழைய கதை மீண்டும் தொடங்கும். அதாவது உலகின் பலம்வாய்ந்த பொலிஸ் அமைப்பு வந்து கதவைச் சாத்தினாலும், பூட்டுவது வீட்டுக்காரரின் வேலைதான்.

டெங்கும் தேங்காய்ச் சிரட்டையும்

இப்போது கேள்விக்கு வருவோம். அரசாங்கம் வரலாமா?

ஒரேயடியாக 'வரக்கூடாது' என்று சொல்வது இலகு. ஆனால் நமக்குப் பழக்கமான ஒன்றை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பீ.எச்.ஐ. ஐயா வந்து எங்கள் வளவைச் சுற்றிப் பார்க்கிறார். சிரட்டையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பழைய டயருக்குள் குடம்பி இருக்கிறதா என்று தேடுகிறார். என் வளவு, என் சிரட்டை என்று நாம் சொல்ல முடியாது. எங்கள் சிரட்டையில் பிறக்கும் நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கிறது. பூட்டாத ரவுட்டரும் அப்படித்தான். எங்களுக்கு இணையம் வழமைபோல வேலை செய்யும். அங்கே எங்கோ ஒரு வைத்தியசாலை, ஒரு மின்சார நிலையம் எங்கள் பெட்டியால் தாக்கப்படும். ஆகவே பொதுநலனுக்காக அரசுக்கு ஒரு பங்கு உண்டு. அதை மறுப்பது நியாயமல்ல.

ஆனால் பீ.எச்.ஐ. ஐயா எப்படி வருகிறார்? பகலில் வருகிறார். சீருடையில் வருகிறார். கேற்றடியில் நின்று கூப்பிடுகிறார். வளவைப் பார்க்கிறாரே தவிர அலுமாரியைத் திறப்பதில்லை. குறை கண்டால் எங்களிடமே சொல்கிறார். அவர் யார், எந்த அலுவலகம், யாரிடம் முறையிடலாம் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ரவுட்டர் வழியாக வருபவர் நாம் தூங்கும்போதும் வரலாம். வந்த தடமும் இருக்காது. அவர் வளவோடு நின்றாரா, அறைக்குள்ளும் போனாரா என்பதை நாம் அறிய வழியில்லை.

அனுமதி கேட்டு நுழைவது நமக்குப் புதிய பாடமல்ல. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையக்கூடாது என்று ஸூரதுந் நூர் கற்பிக்கிறது. மூன்று முறை கேட்டும் பதில் இல்லாவிட்டால் திரும்பிவிடவேண்டும் என்பதை நாம் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். ஆங்கிலச் சட்டமும் தன் வழியில் இதற்குப் பக்கத்தில் வந்தது. 1604ஆம் ஆண்டின் செமைன் வழக்கில் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: அரசரின் ஆணையோடு வரும் அதிகாரி ஒரு வீட்டுக்குள் போகலாம், ஆனால் முதலில் வந்த காரணத்தைச் சொல்லிக் கதவைத் திறக்கும்படி கேட்கவேண்டும். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மரக்கதவுக்கு இருந்த மரியாதை இன்று ரவுட்டருக்கும் கிடைக்கவேண்டும் என்பதுதான் நம் வாதம்.

ஆகவே எந்த அரசாங்கம் எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்கப் பழகவேண்டும்.

ஒன்று, உத்தரவிடுவது யார்? நீதிமன்றமா, அல்லது உள்ளே நுழையும் அதே அமைப்பா?
இரண்டு, எதைத் தொடலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறதா?
மூன்று, வீட்டுக்காரருக்கு அறிவிப்பு உண்டா? முன்கூட்டி முடியாவிட்டால் பிறகாவது?
நான்கு, எப்போது முடியும்? நீடிப்பதாக இருந்தால் மீண்டும் பாராளுமன்றத்துக்கு வரவேண்டுமா?

ஜப்பானும் அமெரிக்காவும் இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்காவது பகிரங்கமாகப் பதில் சொன்னதால்தான் இன்று நாம் இதைப் பற்றி எழுதவே முடிகிறது. பதில் சொல்லாமல் நுழைந்த 'செரி புளொசம்' போன்றவற்றைப் பற்றி ஆவணம் கசிந்தால்தான் தெரியவருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

உற்பத்தியாளர்களை நோக்கியும் கேள்வி திரும்பத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி முதலும், பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்பதைச் சட்டம் தடுக்கிறது. பூட்டுச் செய்பவர் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டு, களவு போனதற்கு வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

நம் வீடு, நம் பள்ளிவாசல், நம் கடை

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அதிகாரமின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது குற்றம். பக்கத்து வீட்டு ரவுட்டரில் 'அட்மின்' போட்டுப் பார்க்கும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். 'சும்மா பார்த்தேன்' என்பது நீதிமன்றத்தில் செல்லும் பதில் அல்ல.

பெரியவர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, வேறு. மாற்றியதை ஒரு கொப்பியில் எழ்திவைத்தால் போதும், கள்வன் இணையத்தில்தான் வருகிறான், அலுமாரிக்கு அல்ல. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி தேவையில்லையென்றால் நிறுத்துங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். உற்பத்தியாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய பெட்டி என்றால், விளக்கு எரிகிறது என்பதற்காக வைத்துக்கொண்டிருக்காமல் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். சேவை நிறுவனத்துக்கு அழைத்து, உங்களிடம் என் ரவுட்டருக்கு என்ன சாவி இருக்கிறது, அதைக் கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது எங்கள் உரிமை.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் கடைக்காரர்களும் கமெராக்களையும் மறக்கவேண்டாம். மிராய் அதிகம் பிடித்தவற்றில் அவையும் உண்டு. பாதுகாப்புக்கென்று பொருத்திய கமெராவுக்கே பாஸ்வேர்ட் மாற்றாமல் விடுவது, காவலுக்கு வைத்த ஆளிடமே வாசல் சாவியைக் கதவில் தொங்கவிடச் சொல்வது போன்றது.

ஐ.சி.டி. படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் உம்மம்மா, அப்பா, மாமா, சாச்சா வீடுகளுக்குப் போய் இந்த வேலையைச் செய்துகொடுங்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிச் செய்யுங்கள். முடிந்ததும் புதிய பாஸ்வேர்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். பெரிய அரசாங்கங்களிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கு அவ்வளவுதான். அதை நம் பிள்ளைகள் முதலில் பழகட்டும்.

பயனுள்ளது என்று நினைத்தால் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.